ஐயமும் தெளிவும்: வஞ்சி முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை

"அறிந்தேன்" என்று ஒருவன் கூறுங்கால், "எவ்வாறு அறிந்தாய்?" என்று மற்றொருவன் வினவுகின்றான். இவ்வெளிய வினாவே மெய்யியலின் தலைவாயில் எனலாம். கண்ணால் கண்டேன் என்பானிடம், கண் பொய்யாதோ என்று கேட்கலாம். பெரியோர் சொல்லக் கேட்டேன் என்பானிடம், பெரியோர் எவ்வாறு அறிந்தனர் என்று கேட்கலாம். இவ்வாறு வினவிக்கொண்டே சென்றால், ஐயத்திற்கு அப்பாற்பட்ட அறிவு என ஒன்று எஞ்சுமா? எஞ்சாதெனின், மாந்தன் எதனைப் பற்றிக்கொண்டு வாழ்வது?

இவ்வினாக்களை எழுப்பியவர் மேலை நாட்டாரே என்பது கற்றவரிடையும் நிலவும் எண்ணம். கிரேக்க நாட்டுப் பிர்ரோவையும், 1641ஆம் ஆண்டில் தம் சிந்தனைகளை நூலாக வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தையும் எடுத்துக்காட்டுவர். தமிழருக்கு உரியது பக்தியே. ஐயுறும் அறிவு அவர்க்கு வெளியிலிருந்து வந்தது என்றும் சிலர் கூறுவர். இக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. பிர்ரோவே அலெக்சாந்தரின் படையுடன் இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்த துறவியரைக் கண்டு சென்றவர் என்பது கிரேக்க மரபு. புத்தர் காலத்திலேயே, எவ்வினாவுக்கும் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ துணிந்து விடை கூற மறுத்த சஞ்சயன் என்னும் ஆசிரியர் இருந்தார். காட்சியையும் கருதலையும் ஒருங்கே மறுத்துச் செயராசி எழுதிய வடமொழி நூல் ஒன்று, பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து 1940ஆம் ஆண்டில் பரோடாவில் அச்சேறியது. தமிழிலோ, இவ்வாராய்ச்சி ஒரு காப்பியத்தின் உள்ளேயே இடம்பெற்றுள்ளது. அந்நூல் மணிமேகலை.

வஞ்சியில் நிகழ்ந்த வழக்கு

மணிமேகலை மாதவ வடிவம் கொண்டு வஞ்சி மாநகர் புகுகின்றாள். அங்கே பல சமயத்தாரையும் ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அவ்வரிசையில் முதலில் நிற்பவன் அளவைவாதி. இறுதியில் நிற்பவன் பூதவாதி. முன்னவன் அறிவின் கருவிகளை எண்ணிக் காட்டுபவன். பின்னவன் அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனையவற்றைத் தள்ளுபவன். இவ்விருவரையும் இரு முனைகளில் நிறுத்திய சாத்தனாரின் அமைப்பு எண்ணத்தக்கது.

காண்டல், கருதல், உவமம், ஆகமம் எனத் தொடங்கி அளவைகள் பத்து என்கின்றான் அளவைவாதி. வியாதன் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டனர் என்று, தன் முன்னோரிடையே இருந்த கருத்து வேற்றுமையையும் மறையாது கூறுகின்றான். அதனினும் சிறந்தது, அறிவு பிழைபடும் வழிகள் எட்டினை அவன் வகுத்துரைப்பது. சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை.

இவற்றுள் சிலவற்றை விளக்கிக் காண்பது பயன் தரும். இருளில் நிற்பதொன்றைக் கண்டு, கட்டையோ மனிதனோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமலே அக்கட்டையை மனிதன்தான் என்று துணிந்துவிடுவது தேராது தெளிதல். கிளிஞ்சலை வெள்ளியென்று கொள்வது திரியக்கோடல். புலி நெருங்கி வருவதைக் கண்டும் அறியாதிருப்பது கண்டுணராமை. முயலுக்குக் கொம்பு உண்டென்று சொல்லக் கேட்டு, அச்சொல்லின் அளவிலேயே அதனைக் கருத்தில் கொள்வது இல்வழக்கு. இறுதியாக வரும் நினைப்பு என்பது, தானாக ஏதும் ஆராயாமல், இவர் உன் தாய், இவர் உன் தந்தை என்று பிறர் சொல்ல, அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்வது.

இப்பட்டியலில் நுணுக்கம் ஒன்று உண்டு. ஐயம் ஒரு குற்றமாகவே எண்ணப்பட்டுள்ளது. ஆயினும் ஐயமின்றித் துணிவதும் அதனோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டுள்ளது. ஐயுறுவோன் தன் அறியாமையை அறிவான். தேராது தெளிவோன் அதனையும் அறியான். எனவே பின்னவன் நோயே மருந்துக்கு எட்டாதது.

பூதவாதியின் மறுப்பும் மணிமேகலையின் நகைப்பும்

பூதவாதி கண்கூடாகக் காண்பதையன்றிக் கருத்தளவையை ஏற்காதவன். கள்ளுக்குரிய பொருள்கள் கூடியபோது மயக்கும் ஆற்றல் பிறப்பதுபோல், பூதங்கள் கூடியபோது உணர்வு பிறக்கும்; அவை பிரிந்தால் அதுவும் அகலும்; மறுமை என்பது பொய் என்பது அவன் வாதம். தன் முற்பிறப்பைத் தான் அறிந்திருப்பதாக மணிமேகலை உரைத்தபோதும் அவன் அசையவில்லை. தெய்வ மயக்கிலும் கனவிலும் மனம் பேதலிப்பதுண்டு; இதுவும் அத்தகையதே என்று ஒதுக்கிவிடுகின்றான். நனவையும் கனவையும் பிரித்தறியும் குறி யாது என்று பதினேழாம் நூற்றாண்டில் தெக்கார்த்து எழுப்பிய ஐயத்தின் சாயலை இவன் கூற்றிலும் காணலாம்.

மணிமேகலை நகைத்து ஒரு வினாவை எழுப்புகின்றாள். கண்டதையன்றி வேறெதனையும் ஏற்காத நீ, உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய்? அனுமானத்தாலன்றி வேறு வழி உண்டோ? தன் பிறப்பைத் தானே கண்டவர் எவருமிலர். ஆயினும் பெற்றோரை ஐயுற்று வாழ்பவரும் இலர்.

ஈண்டு ஒன்றனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெற்றோரைப் பற்றிய அறிவு என்னும் ஒரே எடுத்துக்காட்டு, காதையின் தொடக்கத்தில் அளவைவாதியின் வாயில் குற்றமாக வருகின்றது. காதையின் இறுதியில் மணிமேகலையின் வாயில் அறிவுக்குச் சான்றாக வருகின்றது. இது முரண்பாடு போலத் தோன்றினும் முரண்பாடன்று. பிறர் சொல்லை ஆராயாது ஏற்பது குற்றம். வளர்த்த அன்பு, உறவினர் கூற்று, உருவ ஒப்புமை ஆகிய குறிகளைக் கொண்டு கருதி அறிவது அறிவு. கொள்ளும் பொருள் ஒன்றே. கொள்ளும் வழியே வேறு. எதனை நம்புகின்றோம் என்பதைவிட, எவ்வழியில் நம்புகின்றோம் என்பதே அறிவைப் பேதைமையினின்றும் பிரிக்கின்றது.

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள், அளவைகள் காண்டல், கருத்து என இரண்டே என்று மணிமேகலைக்கு உணர்த்துகின்றார். இது பௌத்த அளவை நூலாசிரியர் திக்நாகர் வழிவந்த கொள்கை. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த பின்னர், அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே எழுந்த நீண்ட வாதத்தில் இப்பகுதியே பெரும்பங்கு கொண்டது. ஐயத்தைப் பற்றிப் பேசும் பகுதியே நூலின் காலத்தைப் பற்றிய ஐயத்திற்கும் இடமளித்தது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, பரபக்கத்தில் உலகாயதனையே முதற்கண் நிறுத்தி, அவன் வாதத்தை முழுமையாக எடுத்துரைத்த பின்னரே மறுத்தார். சுபக்கத்தையோ அளவையியலைக் கொண்டு தொடங்கினார். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் அளவைகளாகக் கொண்டு, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி என்று வரையறுத்த பின்னரே இறைவனைப் பற்றிப் பேசத் துணிந்தார். பக்தியின் வாயிலிலும் அறிவின் அளவுகோலை நட்டுவைத்த மரபு இது.

பிரிக்பீல்ட்ஸ்: ஒரு புதிய வஞ்சி

இம்மரபு கடல் கடந்தபோது அதற்கு வாய்த்த இடங்களுள் ஒன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இப்பகுதியில், இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்த இலங்கைத் தமிழரும் தமிழகத் தமிழரும் குடியேறினர். சிங்களப் பௌத்தர் 1894ஆம் ஆண்டில் நிறுவிய சங்கத்தின் வழியே பௌத்த மகா விகாரை எழுந்தது. 1904ஆம் ஆண்டில் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. இசுகாட் சாலையில் இலங்கைச் சைவர் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். தமிழ்க் கிறித்தவர் வழிபடும் சீயோன் லுத்தரன் தேவாலயமும், முசுலிம்களின் தொழுகையிடமும் அதே வட்டாரத்தில் உள்ளன.

சில நாழிகையில் நடந்து கடக்கத்தக்க இவ்வெல்லைக்குள், மணிமேகலை வஞ்சியில் கண்ட காட்சி மீண்டும் அமைந்துள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வஞ்சியில் அவரவர் தம் கொள்கைக்கு அளவை கூறினர், கேட்பவளும் கேட்டாள். பிரிக்பீல்ட்ஸில் அடுத்தடுத்து வாழ்வோர், விழா நாள்களில் ஒருவரையொருவர் வாழ்த்துகின்றனர். மற்றவர் எதனை, ஏன் நம்புகின்றார் என்று கேட்பது அரிது. பொறுமை பெரிது, ஆனால் வினாவற்ற பொறுமை அறிவைப் பெருக்குவதில்லை.

பந்தாய் பள்ளத்தாக்கில் நின்ற ஆராய்ச்சியாளர்

பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தே, பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1956ஆம் ஆண்டில் அதன் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்ற காலத்தில், கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டினார். எழுத்தறியாத உழைப்பாளரும் தம் கூலியில் ஒரு பகுதியை அத்துறையின் தமிழ் நூல்களுக்காக அளித்தனர். தாம் படிக்க இயலாத நூல்களைத் தம் வழித்தோன்றல்கள் படித்து ஆராய வேண்டும் என்று அவர்கள் விரும்பினர்.

1961ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரை அத்துறையில் பேராசிரியராய் விளங்கியவர் தவத்திரு தனிநாயக அடிகள். தமிழ் மீது அவர் கொண்ட பற்றை உலகறியும். அப்பற்று அவரை ஆராயாத புகழுரைக்குத் தூண்டவில்லை. சான்று தேடி நாடு நாடாக அலையச் செய்தது. தமிழில் அச்சுத்தொழில் பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் தொடங்கியது என்று பலர் எழுதிவந்த காலம் ஒன்றிருந்தது. 1554ஆம் ஆண்டில் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலும், 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலும் அறிஞர் கவனத்துக்கு வந்தபோது அக்கூற்று தகர்ந்தது. 1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான, அந்தம் தெ புரோயன்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்ட அடிகளார், அதனை 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபதிப்பாக வெளியிட்டார். உரையாக மட்டும் வழங்கிய செய்தி, அனைவரும் காணத்தக்க காண்டலாயிற்று.

அதே ஆண்டு ஏப்ரல் திங்களில், உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அம்மன்றம் 1964ஆம் ஆண்டில் புதுதில்லியில் தோன்றியது. தமிழரல்லாத அறிஞர் பலரும் அம்மாநாட்டில் கட்டுரை படித்தனர். தமிழைப் போற்றுவோர் மட்டுமன்றி, தமிழைப் பற்றிய கூற்றுகளை ஐயுற்று வினவுவோரும் ஓரவையில் இருக்க வேண்டும் என்னும் கொள்கையே அம்மன்றத்தின் உயிர்நாடி. புகழ்வோர் மட்டும் கூடிய அவை விழாவாகும்; வினவுவோரும் கூடிய அவையே ஆராய்ச்சியாகும்.

கடாரம் எங்கே?

மலேசியத் தமிழர் நெஞ்சுக்கு மிக நெருங்கிய வரலாற்றுச் செய்தி, இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடாரம் கொண்டான் என்பது. இச்செய்தி அறியப்பட்ட வழியே அளவையியலுக்கு நல்லதொரு பாடமாகும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிசயம் முதல் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களைக் குறிப்பிடுகின்றது. பெயர்கள் கிடைத்தன, இடங்கள் தெரியவில்லை. கடாரம் பர்மாவில் இருந்ததென்று தொடக்கத்தில் அறிஞர் சிலர் கருதினர். பெகு நகருக்கு அருகே கிடைத்த இரு கருங்கல் தூண்கள் சோழனின் வெற்றித் தூண்கள் என்றும் கொள்ளப்பட்டன. அத்தூண்களில் அதனைச் சொல்லும் எழுத்து எதுவும் இல்லை. கட்டை மனிதனாகத் தெளியப்பட்ட கதையே இது. 1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சோர்சு செதே, சோழர் சாசனங்களையும் சீனக் குறிப்புகளையும் தீவுகளில் கிடைத்த கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கி, ஸ்ரீவிசயம் என்பது சுமத்திராவை நடுவாகக் கொண்ட பேரரசு என்று நிறுவினார். நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு இராசராசன் அளித்த கொடையைக் கூறும் லெய்டன் செப்பேடும் இதற்குத் துணை நின்றது. கடாரம் இன்றைய கெடா என்னும் முடிவு உறுதிப்பட்டது. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பட்டினப்பாலையின் 'காழகம்' என்னும் சொல்லுக்குக் கடாரம் என்று பொருள் கூறியிருப்பதும் நினைவுகூரத்தக்கது.

இம்முடிவு தமிழர்க்கு மகிழ்ச்சி அளிப்பதே. ஆயினும் அதே அளவுகோலை மேலும் நீட்டுதல் வேண்டும். கல்வெட்டு கூறுவது யாது? கடற்படை சென்றது, வென்றது, செல்வமும் யானைகளும் தோரண வாயிலும் கவரப்பட்டன. சோழன் மலாயாவை ஆண்டு நிலைபெற்றான் என்று அது கூறவில்லை. பதின்மூன்று பெயர்களுள் மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு போன்றவற்றின் இடம் இன்றளவும் துணியப்படவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் குவாரிட்ச் வேல்சு அகழ்ந்தபோது, அங்கிருந்த கட்டடங்கள் இந்தியக் குடியேறிகளின் படைப்பு என்று விளக்கினார். பின்வந்தோர் அவ்விளக்கத்தை ஐயுற்றனர். உள்ளூர் மக்களே இந்தியச் சமயங்களையும் கலையையும் தம் விருப்பால் ஏற்றுப் படைத்தனர் என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. 2009ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழ்வுகள் பழைய இரும்புத் தொழிலை வெளிப்படுத்தின. அதன் தொன்மையை எவ்வளவு பின்னோக்கிக் கொண்டு செல்லலாம் என்பதில் ஆய்வாளர் இன்றும் மாறுபடுகின்றனர்.

இடப்பெயர் ஆராய்ச்சியிலும் இவ்வெச்சரிக்கை தேவை. கிள்ளான் என்னும் பெயரைக் கேட்டதும், கப்பலைக் குறிக்கும் 'கலம்' என்னும் தமிழ்ச் சொல் ஒருவர்க்கு நினைவில் எழலாம். ஆனால் கால்வாயைக் குறிக்கும் மோன்-கெமர்ச் சொல்லும், பண்டசாலையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் அப்பெயருக்கு மூலமாகக் கூறப்பட்டுள்ளன. 1365ஆம் ஆண்டுச் சாவக நூலாகிய நாகரகிருதாகமத்தில் இவ்விடப்பெயர் காணப்படுகின்றது. அது பெயரின் பழமைக்குச் சான்றாகுமே யன்றி, அதன் மூலத்துக்குச் சான்றாகாது. ஒலி ஒப்புமை ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்கலாம், முடித்துவைத்தல் இயலாது.

மாணவன் கேட்கும் வினா

இவ்வளவு ஐயம் தேவைதானா என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத்துக் கூலிகளாகக் கொணரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்குப் பழம்பெருமை ஊன்றுகோலாக உள்ளது; அதனை அசைத்துப் பார்ப்பது கொடுமையன்றோ என்பர். இக்கேள்வியில் நெஞ்சின் வலி உள்ளது. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

எனினும் தமிழ்ப் பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோழன் இந்நாட்டை ஆண்டான், இங்குள்ள ஊர்ப்பெயரெல்லாம் தமிழே என்று அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றது. பத்தாண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் பிற இனத்து மாணவன் ஒருவன், "சான்று என்ன?" என்று அவனைக் கேட்கின்றான். அவனிடம் விடை இல்லை. அன்று அவன் ஒரு செய்தியை மட்டும் இழப்பதில்லை. தனக்குக் கற்பித்த ஆசிரியர் மீதும், தன் மொழி மீதும் கொண்ட நம்பிக்கை அனைத்தையும் இழக்கின்றான். தேராது தெளிந்தவன் ஒரே நாளில் எதனையும் நம்பாதவனாக மாறுகின்றான். மிகையான நம்பிக்கையும் முழுமையான அவநம்பிக்கையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இதனால் அறியலாம்.

மாறாக, "கல்வெட்டு இவ்வளவே கூறுகின்றது, இஃது அதிலிருந்து கருதி அறிந்தது, இதற்கு இன்னும் சான்றில்லை" என்று பிரித்துக் கற்பிக்கப்பட்டவனை எவ்வினாவும் வீழ்த்தாது. அவன் கையில் உள்ள பெருமை சிறிதாக இருக்கலாம். அதனை எவரும் பறிக்க இயலாது.

எதனையும் அறிய இயலாது என்று வாளா இருப்போர்க்கும் இதில் பாடம் உண்டு. அளவை எதுவும் இல்லை என்பவனை, அதனை எவ்வளவையால் அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கலாம் என்பது பண்டைத் தருக்கம். கெடாவில் சோழர் காலச் சான்று முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதனால் சோழர் வந்ததே பொய் என்பவனும், பூதவாதியைப் போலத் தன் பெற்றோரையும் மறுக்க நேரும்.

சான்றுகளோ என்றும் காத்திருப்பன அல்ல. 2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கட்டடச் சிதைவுகளுள் ஒன்று, நிலமேம்பாட்டுப் பணியின்போது இடித்து அகற்றப்பட்டது. அதனைக் கட்டியவர் யார் என்னும் வினாவுக்கு அது தந்திருக்கக்கூடிய விடையும் அதனோடு அழிந்தது. காண்டலுக்குரிய பொருள் அழிந்தபின் கருதலுக்கு ஏதுவில்லை. எஞ்சுவது உரை மட்டுமே. எனவே சான்றைக் காப்பது அறிவைக் காப்பதாகும். தோட்டத்துப் பழைய பதிவேடும், கோயில் திறப்புவிழா மலரும், தாத்தாவின் கப்பல் பயணச் சீட்டும் இக்காப்புக்கு உரியவையே.

நிறைவு

வஞ்சி நகரில் மணிமேகலை பல வாதங்களையும் கேட்டாள். எவரையும் இகழ்ந்து ஓடவில்லை. எவரிடமும் ஆராயாது அடைக்கலம் புகவும் இல்லை. இறுதியில் தான் தெளிந்த நெறியையும், அளவைகளை முறையாகக் கற்ற பின்னரே ஏற்றாள். அவள் நகைத்தது ஐயத்தைப் பார்த்தன்று; ஐயத்தோடு நின்றுவிட்டதைப் பார்த்தே.

கூலியில் சிறு பகுதியைத் தமிழ் நூல்களுக்காக ஈந்த உழைப்பாளர், தம் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் நம்ப வேண்டும் என்பதற்காக அதனை ஈயவில்லை. தாம் கேட்க இயலாத வினாக்களை அவர்கள் கேட்க வேண்டும் என்றே ஈந்தனர். "எப்படித் தெரியும் ஐயா?" என்று வகுப்பறையில் ஒரு சிறுவன் எழுந்து வினவும்போதெல்லாம் அக்கொடை பயன் தருகின்றது. அவ்வினாவுக்குச் சினவாது விடையிறுப்பதும், விடை அறியாவிடத்து "இனித்தான் தேட வேண்டும்" என்று ஒப்புக்கொள்வதும் ஆசிரியர் கடன். அக்கடன் ஆற்றப்படும் இடத்தில் ஐயம் பகையாகாது, தெளிவுக்கு முதற்படியாகும்.